நாலரை மணிக்குப் பிறகு யார் பொறுப்பு?

தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியானது. அதையொட்டி, 2025-26 கல்வியாண்டு முதலே பிளஸ் 1 பொதுத் தேர்வு கிடையாது என்று அறிவிக்கப்பட்டதும் பெற்றோர் பலரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் பொதுத் தேர்வு எழுதுவது பிள்ளைகளுக்குப் பெரும் சுமை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், 2017-18இல் அந்தத் தேர்வு எதற்காகக் கொண்டுவரப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. தனியார் பள்ளிகள் பல, பிளஸ் 1 பாடத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டு, பிளஸ் 2 பாடத்தை இரண்டு ஆண்டுகள் நடத்திவந்தன. அரசுப் பள்ளி மாணவருக்குப் பத்து மாதம். அதே தேர்வை எழுதும் தனியார் பள்ளி மாணவருக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. வினாத்தாளும் திருத்தும் முறையும் எல்லோருக்கும் ஒன்றுதான். படிக்கக் கிடைத்த நேரம்தான் வேறு.

பள்ளிகளில் ஏற்றத்தாழ்வு என்றதும் ஒழுகும் கூரை, காலியாகக் கிடக்கும் ஆசிரியர் பணியிடம், தனியார் பள்ளிக் கட்டணம், ஆங்கில வழி ஆகியவைதான் சட்டென்று நினைவுக்கு வருகின்றன. எல்லாமே உண்மை. ஆனால், இவை அனைத்தும் பள்ளி நடக்கும் நேரத்துக்குள் அடங்கிவிடுபவை. மாலை நாலரை மணிக்கு நீண்ட மணி அடித்த பிறகு பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஒருவர் டியூஷனுக்குப் போகிறார். இன்னொருவர் வீட்டுத் தறிக்கு நூல் சுற்ற உட்காருகிறார். மறுநாள் காலையில் இருவரும் ஒரே கரும்பலகையைப் பார்த்து அமர்கிறார்கள். ஒரே அளவுகோலால் அளக்கப்படுகிறார்கள். இந்த மாலைப் பொழுதைப் பள்ளி தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளாத வரை, மற்ற சீர்திருத்தங்கள் பாதிக் கிணறு தாண்டிய கதையாகவே நிற்கும்.

கூடத்தை அடைத்த தறி

திருவண்ணாமலை மாவட்டத்தின் செய்யார் - ஆரணி வட்டாரத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு, ஆரணி நகரத்தில் மட்டும் நெய்யப்படுவதில்லை. சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் எனச் சுற்றுப்பட்டு ஊர்களில் வீட்டுக்கு வீடு தறி உண்டு. செய்யார் பக்கம் வந்தால் காட்சி கொஞ்சம் மாறும். நெல் விளையும் பூமி, அறிஞர் அண்ணா பெயரிலான அரசு கலைக் கல்லூரி, மாங்கால் கூட்ரோட்டில் சிப்காட் தொழிற்பேட்டை, அங்கே காலணித் தொழிற்சாலைகளுக்கு விடியற்காலையில் வேனில் ஏறிப்போகும் பெண்கள். தறியும் வயலும் தொழிற்சாலையும் ஒரே வீட்டுக்குள் கலந்துவிட்ட வட்டாரம் இது. அண்ணன் சிப்காட்டுக்குப் போக, அப்பா தறியில் இருக்க, அம்மா காலையில் நடவுக்கும் மாலையில் ராட்டைக்கும் மாறுகிற வீடுகள் இங்கு அதிசயம் அல்ல.

பட்டு நெசவு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் பிள்ளையின் மாலை எங்கே போகிறது என்பது புரியும். குழித்தறி ஒன்று வீட்டின் கூடத்தை முக்கால்வாசி அடைத்துக்கொள்ளும். நெய்பவர் குழியில் காலை விட்டு மிதிப்பலகையை மிதிக்கிறார். ஊடைநூல் தீரத் தீர, தார்க்குச்சியில் சுற்றி யாராவது எடுத்துக் கொடுத்தபடி இருக்க வேண்டும். இழை அறுந்தால் பிணைக்க வேண்டும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று வரும் கோர்வைச் சேலைக்கு, ஊடைநூலைக் குறுக்கே ஓட்டும் நாடா மூன்று வேண்டும். ஒருவர் இரண்டு கையால் மூன்றையும் ஓட்டுவது சிரமம் என்பதால், வலப்பக்கம் துணைக்கு ஒருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளுவது வழக்கம். காலங்காலமாகச் சிறுவர்கள் உட்கார்ந்த இடம் அது. பட்டுத் தறிக்கும் குழந்தை உழைப்புக்கும் உள்ள உறவை நெசவாளர்களின் கல்மனம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. கூலி சேலைக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. அதில் துணையாளின் பங்கு தனியாகக் கணக்கிடப்படுவதில்லை. வெளியாளை வைத்தால் கையில் மிஞ்சுவது குறையும். ஆகவே, சம்பளம் கேட்காத ஒருவர் தேவைப்படுகிறார்.

முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகளை முதலாளியின் தறிக்கு அனுப்பும் கொடுமை காஞ்சிபுரத்தில் எந்த அளவுக்கு இருந்தது என்பதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் பட்டுத் தொழில் பற்றி வெளியிட்ட அறிக்கை விரிவாகப் பதிவு செய்தது. 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள், மாவட்ட நிர்வாகங்களின் தொடர் சோதனைகள், சத்துணவு எனப் பலவும் சேர்ந்து அந்த நிலையை வெகுவாக மாற்றின. இன்று இந்த வட்டாரத்தில் பகல் பதினோரு மணிக்குத் தறியில் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுச் சிறுவனைப் பார்ப்பது அரிது. அது பெரிய சாதனை. ஆனால், குழந்தை உழைப்பு ஒழிந்துவிட்டது என்று சொல்வதைவிட, அது பள்ளி நேரத்திலிருந்து மாலைக்கு நகர்ந்துவிட்டது என்று சொல்வதே சரி.

நாட்டின் சட்டமே அப்படி நகர்வதற்கு இடம் கொடுத்திருக்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்று முதன்முறையாக முழுத் தடை விதித்தது. அதே மூச்சில் ஒரு விலக்கும் அளித்தது: ஆபத்தானவை என்று பட்டியலிடப்படாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குழந்தை உதவலாம். குடும்பம் என்பதில் பெற்றோர், உடன்பிறந்தோர் மட்டுமல்லாமல் சித்தப்பா, பெரியப்பா, அத்தை, சித்தி, பெரியம்மா, தாய்மாமன் வரை அடக்கம். தெருவே சொந்தக்காரர்களாக இருக்கும் நெசவாளர் குடியிருப்பில் இந்த வரையறைக்குள் வராத தறி எத்தனை? எந்தத் துணைவேலை பட்டியலில் இருக்கிறது, எது இல்லை என்று சரிபார்க்க ஒரு வீட்டுக் கூடத்துக்குள் மாலை ஆறு மணிக்கு எந்தத் தொழிலாளர் ஆய்வாளரும் நுழையப்போவதில்லை.

நெசவின் நாள்காட்டியும் பள்ளியின் நாள்காட்டியும் மோதிக்கொள்வதைக் கவனித்தவர்கள் குறைவு. தீபாவளிச் சேலைகளுக்கான நெருக்கடி புரட்டாசியில் உச்சத்துக்குப் போகும். காலாண்டுத் தேர்வும் அப்போதுதான். தை முகூர்த்தங்களுக்கான வேலை மார்கழியில் முடிய வேண்டும். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில். அடைமழையில் குழியில் ஈரம் ஊறித் தறி நின்றுபோன நாட்களை ஈடுகட்டுவதும் இந்த வாரங்களில்தான். தேர்வு நேரத்தில் பிள்ளை வேலை செய்தது என்பது தலைமையாசிரியருக்குத் தெரியவரப்போவதில்லை. காலாண்டில் மதிப்பெண் இறங்கியது மட்டும் தெரியும். ‘மெல்லக் கற்கும் மாணவர்’ பட்டியலில் பெயர் ஏறிவிடும்.

1953இன் பாடம்

தமிழ்நாட்டுக்கு இது புதிய விவாதம் அல்ல. சென்னை மாகாண முதல்வராக இருந்த ராஜாஜி, 1953-54இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில், இருக்கும் வசதியைக் கொண்டு இரண்டு மடங்குப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் தரப்பு நியாயம். பெரியார் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தார், மாகாணமே கொதித்தது. 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் பொறுப்பேற்று அடுத்த சில வாரங்களிலேயே திட்டத்தைக் கைவிட்டார். தச்சர் பிள்ளை உளியையும் நெசவாளர் பிள்ளை நாடாவையும் பிடிக்க, கணக்குப்பிள்ளையின் பிள்ளை மட்டும் புத்தகத்தோடு இருக்கும் ஏற்பாடு அது என்பதை அன்றைய எதிர்ப்பாளர்கள் சரியாகவே பிடித்துக்கொண்டார்கள். பெற்றோரின் தொழிலே படிப்பாக இருக்கிற வீட்டில் ‘மீதிப் பொழுது’ என்பதும் படிப்பு நேரமாகிவிடும் அல்லவா?

எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மீதிப் பொழுது அப்படியே இருக்கிறது. 2016 சட்ட விலக்கு, 1953இல் விரட்டப்பட்டதைச் சற்றுச் சுருக்கி, பகலிலிருந்து மாலைக்குத் தள்ளிவைத்திருக்கிறது. குலக்கல்வியை எதிர்த்ததைப் பெருமையோடு நினைவுகூரும் கட்சிகள், இந்த விலக்கைப் பற்றி உரக்கப் பேசியதாக நினைவில்லை.

வீட்டுப்பாடம் என்னும் கட்டணம்

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு, ழான்-குளோத் பாஸ்ரோனுடன் சேர்ந்து 1970இல் எழுதிய ஆய்வில் ஒன்றைச் சொன்னார்: பள்ளி தான் கற்றுக்கொடுக்காத பலவற்றை மாணவரிடம் எதிர்பார்க்கிறது; வீட்டிலேயே அவற்றைப் பெற்றுவரும் பிள்ளைகளைத் திறமைசாலிகள் என்று பாராட்டுகிறது. அவர் மனத்தில் இருந்தவை பேச்சு நடை, வாசிப்புப் பழக்கம், ரசனை போன்றவை. நம் ஊரில் அதைவிட எளிய பண்டம் ஒன்றைப் பள்ளி எதிர்பார்க்கிறது. மாலையில் இரண்டு மணி நேரம் அமைதியாக உட்கார ஓரிடம், பக்கத்தில் படித்த ஒருவர்.

வீட்டுப்பாடம் இந்த இரண்டும் இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் தரப்படுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவண்ணாமலை மாவட்டத்தில் பெண்களின் எழுத்தறிவு ஏறத்தாழ 65 விழுக்காடு. அன்று எழுத்தறியாதோரில் மூத்தவர்களும் நிறைய இருந்திருப்பார்கள், உண்மைதான். ஆனாலும், இன்று வீட்டில் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர வேண்டிய அம்மாக்கள், பாட்டிகள் பலர் எழுத்தறியாத அந்த மீதிக் கணக்குக்குள் இருக்கிறார்கள். ‘பெற்றோர் கையொப்பம் பெற்று வரவும்’ என்று டைரியில் எழுதப்படும் வரி, கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த ஒரு தாயை எந்த இடத்தில் நிறுத்துகிறது என்று யோசிக்கலாம்.

வீட்டில் இல்லாததைக் கடையில் வாங்குவதுதான் டியூஷன். மத்திய அரசு 2025இல் நடத்திய கல்வி பற்றிய மாதிரிக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் 27 விழுக்காடு மாணவர்கள் அந்த ஆண்டில் தனிப்பயிற்சிக்குப் போனதாகத் தெரியவந்தது. அரசுப் பள்ளி மாணவருக்குக் குடும்பம் ஆண்டுக்குச் சராசரியாக 2,863 ரூபாய் செலவிட, மற்ற பள்ளிகளில் படிக்கும் மாணவருக்கு 25,002 ரூபாய் செலவாகிறது என்றும் அது கூறியது. அரசுப் பள்ளி இலவசம் என்கிறோம். பகலுக்கு அது இலவசம். மாலையின் விலையைக் குடும்பம்தான் கொடுக்கிறது. சில வீடுகள் பணமாக, சில வீடுகள் பிள்ளையின் மதிப்பெண்ணாக.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் சேரும் ஏழைப் பிள்ளைக்கு இந்தச் சுமை குறையாது, கூடும். நிதி தொடர்பான மத்திய - மாநில இழுபறியில் 2025-26 சேர்க்கை மாதக்கணக்கில் தள்ளிப்போனதை எல்லோரும் பேசினோம், பேச வேண்டியதுதான். ஆனால், இடம் கிடைத்த பிறகு நடப்பதையும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய டைரி, வீட்டில் செய்துவரச் சொல்லும் ‘புராஜெக்ட்’, அட்டை, பசை, வண்ணப் பிரிண்ட் அவுட். ஒதுக்கீட்டில் வந்த பிள்ளை அந்த வகுப்பறையில் இருக்கலாம். அந்த வகுப்பறை எதிர்பார்க்கும் வீடு அதற்கு இல்லை.

‘உழைத்தால் முன்னேறலாமே?’

இந்த இடத்தில் சிலர் கேட்பார்கள்: தறிக்காரர் வீட்டிலிருந்து மாவட்ட ஆட்சியரும் மருத்துவரும் வரவில்லையா? தேர்வு முடிவு நாளில் செய்தித்தாளைத் திறந்தால் கூலித் தொழிலாளி மகள் சாதனை என்று படம் போடுகிறார்களே? வந்திருக்கிறார்கள், வருவார்கள். ஆனால், அந்தப் படம் செய்தியாவதே அது அரிதாக நடப்பதால்தான். வங்கி மேலாளர் மகன் 580 மதிப்பெண் எடுத்தால் அது செய்தி இல்லை. விதிவிலக்கை எடுத்துக்காட்டி விதியை மறுப்பது, இரண்டு மணி நேரத்தில் படித்தவரையும் ஐந்து மணி நேரத்தில் படித்தவரையும் ஒரே மதிப்பெண்ணால் அளந்துவிட்டு, முன்னவருக்கு முயற்சி போதவில்லை என்று சொல்வதில்தான் முடியும்.

நேரத்துக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு நீட் தேர்வே சான்று. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை எழுதியோர் 2020-21இல் 70 விழுக்காட்டைத் தாண்டினார்கள். நீட்டுக்கு முன்பு அது 13 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. மறுமுறை எழுதுவது என்றால், ஓராண்டு சம்பாதிக்காமல் பிள்ளையை வைத்துக்கொள்ளவும் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டவும் குடும்பத்தால் முடிகிறது என்று பொருள். நீதிபதி கலையரசன் ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. முந்தைய ஆண்டு ஒற்றை இலக்கத்தில் இருந்த அரசுப் பள்ளி மாணவர்களின் மருத்துவச் சேர்க்கை, ஒரே ஆண்டில் முந்நூறைத் தாண்டியது. அந்தப் பிள்ளைகளுக்குத் திறமை திடீரென்று முளைத்துவிடவில்லை. தங்களுக்குக் கிடைத்த அளவு நேரமே கிடைத்தவர்களோடு அவர்கள் போட்டியிட்டார்கள்.

இன்னொரு மறுப்பு கனமானது. பின்னணி இவ்வளவு தீர்மானிக்கிறது என்றால் பள்ளியால் என்ன செய்துவிட முடியும்? 1966இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் குழு ஏறத்தாழ ஆறு லட்சம் மாணவர்களை ஆராய்ந்து, மாணவர்களின் அடைவில் பள்ளி வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிக்கே பங்கு அதிகம் என்று கண்டது. அதைக் காட்டிப் பள்ளிக்குச் செலவழிப்பது வீண் என்று வாதிட்டவர்களும் உண்டு. ஆனால், 1982இல் பால்டிமோர் நகரில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஏறத்தாழ 800 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த டோரிஸ் எண்ட்விசில், கார்ல் அலெக்சாண்டர் ஆகியோர் வேறொன்றைக் கவனித்தார்கள். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளைகளும் வசதியான பிள்ளைகளும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் முன்னேறினார்கள். இடைவெளி விரிந்தது கோடை விடுமுறையில். அந்த விரிவின் அளவு குறித்துப் பின்வந்த ஆய்வாளர்களிடம் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் பள்ளி நேரம் ஏற்றத்தாழ்வைக் கட்டுக்குள் வைக்கிறது என்ற அடிப்படைச் செய்தி நிற்கிறது. குடும்பப் பின்னணி வலுவாக இருப்பதற்குக் காரணம், பிள்ளையின் விழித்திருக்கும் பொழுதில் பாதிக்கு மேல் குடும்பத்தின் கையில் இருப்பதுதான்.

மூன்றாவது மறுப்பு நெசவாளர்களிடமிருந்தே வரும்: தொழிலைக் கேவலமாகப் பேசாதீர்கள், கைத்தொழில் தெரிந்த பிள்ளை கெட்டுப்போகாது. இதில் நியாயம் உண்டு. கோர்வை பிடிக்கத் தெரிந்த கை, பொறியியல் பட்டம் பெற்று வேலை தேடும் கையைவிடத் தாழ்ந்தது அல்ல. ஆனால், விருப்பத்தோடு கற்பதும் வேறு வழியின்றி உட்காருவதும் ஒன்றாகுமா? பால் வில்லிஸ் 1977இல் இங்கிலாந்தின் தொழில் நகரமொன்றில் பன்னிரண்டு தொழிலாளி வீட்டுப் பையன்களைப் பற்றி எழுதினார். அவர்கள் பள்ளியைக் கிண்டலடித்து, ஆசிரியரை எதிர்த்து, கடைசியில் தங்கள் அப்பாக்கள் வேலை செய்த அதே தொழிற்சாலைத் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நம் வட்டாரத்துப் பிள்ளை யாரையும் எதிர்ப்பதில்லை. ‘பொறுப்பான பையன், வீட்டுக்கு ஒத்தாசையா இருக்கான்’ என்று பாராட்டப்பட்டபடியே படிப்பில் பின்தங்குகிறது. பெண்பிள்ளை என்றால் பாராட்டுகூட இல்லை. அம்மா ராட்டையில் உட்கார்ந்தால் அடுப்படி மகளுக்கு வருகிறது. அம்மா சிப்காட் ஷிஃப்டில் இருந்தால் தம்பி தங்கையும் சேர்ந்து வருகிறார்கள். அது வேலை என்றே எண்ணப்படுவதில்லை. நாடு தழுவிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் (2024) வீட்டுவேலையில் ஈடுபடுவோரில் பெண்கள் அதற்கு நாளுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாகக் காணப்பட்டது. இந்த வேறுபாடு திருமணத்துக்குப் பிறகு தொடங்குவதல்ல.

உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு 47 விழுக்காடு, இந்தியா 28 விழுக்காடு என்ற 2021-22 கணக்கைக் காட்டி, நாம் ஏற்கெனவே முன்னணியில்தானே இருக்கிறோம் என்றும் கேட்கப்படுகிறது. சேர்ந்தவர்களின் எண்ணிக்கை அது. எந்தக் கல்லூரியில், எந்தப் பாடத்தில், யார் என்று பிரித்துப் பார்த்தால் பெருமை கொஞ்சம் குறையும்.

என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வியின் வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால் ஒரு போக்கு தெரியும். வீட்டால் முடியாத ஒன்றைப் பள்ளி தன்மேல் போட்டுக்கொண்டபோதெல்லாம் நாம் முன்னே போனோம். 1956இல் மதிய உணவு, 1982இல் சத்துணவு, சீருடை, பாடநூல், பேருந்துப் பயண அட்டை, சைக்கிள், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு. காலையையும் மதியத்தையும் எடுத்துக்கொண்ட பள்ளி, மாலையையும் எடுத்துக்கொள்வதே இயல்பான அடுத்த படி.

முதலில் வீட்டுப்பாடம். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிரான்சில் தொடக்கப் பள்ளிகளில் எழுத்துமூல வீட்டுப்பாடம் 1956இலேயே தடை செய்யப்பட்டது. நடைமுறையில் அது முழுதாக நிற்கவில்லை. 2017 முதல் நடுநிலைப் பள்ளிகளில் வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே ஆசிரியர் துணையோடு முடிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. இங்கேயும் எட்டாம் வகுப்பு வரை எழுத வேண்டியதெல்லாம் பள்ளிக்குள் முடிந்துவிட வேண்டும் என்று அரசாணை வரலாம். தனியார் பள்ளிகளுக்கும் அது பொருந்த வேண்டும்.

அடுத்து, மாலைப் படிப்பகம். நாலரை முதல் ஆறரை வரை, சுண்டலோடு, வருகைப் பதிவோடு. இதற்கான ஆட்பலம் நம்மிடம் முன்பே உருவாக்கப்பட்டது. கொரோனா இழப்பை ஈடுகட்ட 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, தன்னார்வலர்களைக் கொண்டு மாலை ஐந்து முதல் ஏழு வரை நடந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குப் படித்த பெண்கள் ஆயிரக்கணக்கில் முன்வந்தார்கள். அவசரக் கால ஏற்பாடாகக் கருதப்பட்டதால் அது சுருங்கியது. அதை நிரந்தரமாக்கி, கௌரவமான ஊதியம் தந்து, முதல் கட்டமாக நெசவு, செங்கல் சூளை, காலணித் தொழிற்சாலைப் பகுதிகளிலும் ஜவ்வாது மலையிலும் நடத்தலாம். ஆசிரியர்கள்மேல் இந்தச் சுமையை ஏற்றக் கூடாது. இப்போதே எமிஸ் என்னும் கல்வித் தகவல் இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்றுவதில் அவர்கள் மூச்சு முட்டிக்கிடக்கிறார்கள். இரண்டு மணி நேரமும் பாடமாகவே இருக்கத் தேவையில்லை. விளையாட்டும் நூலகமும் வேண்டும். நாள் முழுவதும் பிள்ளைகளை அடைத்துவைக்கிறோமே என்று வருந்துவோர், அவர்கள் இப்போது அந்த நேரத்தில் எங்கே அடைபட்டிருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

கல்வித் துறை மட்டும் செய்தால் இது நிற்காது. பிள்ளை படிப்பகத்துக்குப் போனால் தாரை யார் சுற்றுவது என்ற கேள்விக்குக் கைத்தறித் துறை பதில் சொல்ல வேண்டும். மோட்டார் பொருத்திய தார் சுற்றும் இயந்திரத்துக்கு மானியம் உண்டு. அது கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களைத் தாண்டி, முதலாளிகளிடம் கூலிக்கு நெய்பவர்களின் வீட்டுக்கும் போய்ச்சேர வேண்டும். தெருவுக்கு ஒரு பொது இயந்திரம்கூடப் போதும். சேலைக் கூலியை நிர்ணயிக்கும்போது துணையாளின் கூலியைத் தனி இனமாகச் சேர்க்க வேண்டும். சங்கங்கள் அதைத் தொடங்கினால் தனியார் முதலாளிகளுக்கும் நெருக்கடி வரும்.

பட்டு நெசவின் துணைவேலைகள் எதுவும் 14 வயதுக்குட்பட்டோருக்குக் கூடாது என்பதை மாநில அரசு ஐயத்துக்கு இடமின்றி அறிவிக்க வேண்டும். தொழிலாளர் நலம் பொதுப் பட்டியலில் இருக்கும் பொருள்; 2016 விலக்கை நீக்கும் மாநிலத் திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைக் கேட்கலாம். கிடைக்காமல் போகலாம்தான். ஆனாலும், சட்டமன்றத்தில் ஒரு முறை விவாதிக்கப்படவாவது செய்யும். படிப்பகம் வருவதற்கு முன் சட்டத்தை மட்டும் இறுக்கினால் பெற்றோர்தான் தண்டிக்கப்படுவார்கள் என்பதால், இந்த வரிசை முக்கியம்.

பிளஸ் 1 தேர்வு போனதால் பழைய வழக்கம் திரும்பாதிருக்க, எந்த மாதத்தில் எந்தப் பாடம் நடக்கிறது என்பதை மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்கள் தனியார் பள்ளிகளில் முன்னறிவிப்பின்றிச் சோதித்து, முடிவை இணையத்தில் வெளியிட வேண்டும். தேர்ச்சி விழுக்காட்டோடு, ஒவ்வொரு பள்ளியிலும் பிளஸ் 2 முடித்தவர்கள் எந்தக் கல்லூரிக்கு, எந்த வேலைக்குப் போனார்கள் என்பதையும் வெளியிடலாம். மாணவர்களை உயர்கல்விக்கு வழிநடத்தும் ‘உயர்வுக்குப் படி’ திட்டத்துக்காக இந்தத் தகவல்கள் ஏற்கெனவே திரட்டப்படுகின்றன. இவற்றோடு இன்னும் ஒரு கேள்வி சேர வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, புரட்டாசி மாதத்தில், ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாப் பிள்ளைகளிடமும் வகுப்பாசிரியர் கேட்டுப் பெயரின்றிப் பதிய வேண்டியது: நேற்று மாலை பள்ளி விட்ட பிறகு தூங்கும்வரை என்னென்ன செய்தாய்?